‘உன் வீட்டில் என்ன இருக்கிறது?’

தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 46 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். ஏழு தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய கடிதம். கூடவே சபைக் காலண்டரில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கம் வரவு செலவு எழுதி இணைத்திருக்கிறார். அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

“ஐயா, ஸ்தோத்திரம். என் கணவருக்குத் தச்சு வேலை. பத்து வருடம் கல்ஃபில் இருந்தார். கம்பெனியை மூடிவிட்டதால் ஊருக்கு வந்துவிட்டார். மாதம் பதினைந்து நாள் வேலை கிடைத்தால் பெரிது. நான் தையல் தைக்கிறேன். மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன், 22 வயது. அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் நிமிர்ந்துவிடலாம் என்று, எங்கள் சபையில் உள்ள ஒருவரிடம் 2,20,000 ரூபாய் கட்டினோம். மூன்று பவுனை வங்கியில் வைத்து 1,10,000, மகளிர் குழுவில் 60,000, தெரிந்த ஒருவரிடம் ஐந்து வட்டிக்கு 50,000. ஒன்றரை வருடமாகிறது, விசா வரவில்லை. இப்போது இன்னும் 40,000 கொடுத்தால் டூரிஸ்ட் விசாவில் கம்போடியா அனுப்புகிறேன், கம்ப்யூட்டர் வேலை, போனபிறகு பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அந்த வருடம் புது வருட ஆராதனையில் எங்களுக்கு வந்த வாக்குத்தத்த வசனம் ‘திறந்த வாசல்’. அதை நம்பித்தான் பணம் கட்டினோம். போன மாதம் ஜெபக்கூட்டத்துக்கு வந்த தேவ ஊழியர், ‘உங்களுக்கு விசுவாசம் போதவில்லை, கையில் இருப்பதை விதையாகக் கொடுங்கள், நூறு மடங்காக வரும்’ என்றார். கையில் இருப்பது மகளின் காலேஜ் ஃபீஸுக்காக வைத்திருக்கும் 18,000 தான். கொடுத்துவிடலாமா? ஏஜென்ட் மேல் புகார் கொடுக்கலாம் என்கிறான் மகன். சகோதரன் மேல் வழக்குக்குப் போகக்கூடாது என்று வேதத்தில் இருக்கிறதே? கணவர் இரண்டு மாதமாகச் சரியாகப் பேசுவதில்லை. ‘நான் போய்ச் சேர்ந்தால் இன்சூரன்ஸாவது வரும்’ என்று ஒருநாள் சொன்னார். ஐயா, தேவன் எங்களைக் கைவிட்டுவிட்டாரா?”

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றைப் பற்றி முதலில் பேச வேண்டும். கணவர் சொன்ன அந்த இன்சூரன்ஸ் பேச்சை ஆறாவது தாளில் ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் வட்டிக் கணக்குக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கடிதத்திலேயே பெரியதாகத் தெரிகிறது. கடன் சுமையில் இருக்கும் ஆண்கள் இப்படிச் சொல்வதை வீட்டில் பலரும் சலிப்பில் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சு குறைந்திருக்கிறது, சாப்பாடு குறைந்திருக்கிறது, ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தே இருக்கிறார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்காருங்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பெரும்பாலும் காத்திருப்பார்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டிக்கொண்டு போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார், தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்க விட்டார். பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

திறந்த வாசல் பொய்யா?

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். புது வருட ராத்திரி கையில் வரும் அந்தச் சின்ன அட்டையை நீங்கள் எப்படிப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பைபிளுக்குள் வைத்து, வருடம் முழுக்க எடுத்து எடுத்துப் பார்ப்போம். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அட்டையில் இடம் இல்லாததால் வசனத்தின் ஒரு துண்டுதான் அதில் இருக்கும். வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து எட்டாம் வசனத்தை முழுசாக வாசியுங்கள். “உனக்குக் கொஞ்சம் பெலன் இருந்தும்” என்று அதில் ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த வசனம் சொல்லப்பட்ட பிலதெல்பியா சபை பெரிய சபை என்பதற்காக அந்த வாக்கு சொல்லப்படவில்லை. கொஞ்சம் பெலன் உள்ளவர்கள், இருந்தும் அவருடைய நாமத்தை மறுதலிக்காதவர்கள். உங்கள் குடும்பத்தின் இன்றைய நிலைமை அந்த வசனத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதில் இல்லாதது விசா. அந்த வாசல் இந்த ஏஜென்டுடைய வாசல்தான் என்று வசனம் சொல்லவில்லை, நாம்தான் சேர்த்துக்கொண்டோம். ஆசை அதிகமாக இருக்கும்போது எல்லாரும் செய்வதுதான் இது, உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்போஸ்தலர் பவுல் ஆசியாவில் பிரசங்கிக்கப் போனார், தடைபட்டது. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. பவுலுடைய திட்டமே இரண்டு தடவை கைகூடாமல் போயிருக்கிறது. அதை யாரும் அவருடைய விசுவாசக் குறைவு என்று சொல்வதில்லை.

பக்கத்து மாவட்டத்திலேயே ஒருவர் இருந்தார். டோனாவூரில் பிள்ளைகளுக்கு அடைக்கலம் அமைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் முதல் திட்டம் இந்தியாவே அல்ல. 1893-ல் ஜப்பானுக்குப் போனார், உடம்பு முடியாமல் அதை விட வேண்டியதாயிற்று. இந்தியாவுக்கு வந்தது 1895-ல். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டபிறகு, 1951-ல் மறையும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். உங்கள் மகனுக்கும் இப்படி ஒரு நல்ல திருப்பம் காத்திருக்கிறது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், அது எனக்குத் தெரியாது. உங்களை ஏமாற்றியது ஒரு மனிதர். அதைத் தேவன் செய்ததாகவும் நான் சொல்ல மாட்டேன். திட்டம் முறிந்ததை வைத்துத் தேவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று முடிவு கட்ட வேண்டாம், அவ்வளவுதான் சொல்கிறேன்.

அந்த 18,000 ரூபாய்

கொடுக்காதீர்கள்.

நான் போதகர் இல்லை. இருந்தாலும் இருபது வருடமாகக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிறவன் என்ற முறையிலும், உங்களைப் போலவே ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்காருகிறவன் என்ற முறையிலும் சொல்கிறேன். ஏழை விதவை இரண்டு காசு போட்டதை உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் அதற்குச் சற்று மேலே பாருங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அந்த விதவையிடம் போய் ‘போடு’ என்று யாரும் கேட்கவில்லை, நூறு மடங்கு என்று பேரமும் பேசவில்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதும்போதும், ஒருவனிடம் இல்லாததன்படி அல்ல, உள்ளதன்படியே காணிக்கை ஏற்றுக்கொள்ளப்படும் என்கிறார். உங்கள் வருமானத்தில் மனப்பூர்வமாக ஐம்பது ரூபாய் கொடுங்கள், சந்தோஷமாகக் கொடுங்கள். மகளின் ஃபீஸ் மகளுடையது. அவளிடம் கேட்காமல் அதை எடுத்து விதைக்க நமக்கு உரிமையில்லை.

அவள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படியே படித்திருந்தால் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது, பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் வந்துவிட்டது. அரசுக் கல்லூரிகளுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். நர்சிங் போன்ற படிப்பில் இடம் கிடைத்து அதிகம் செலவாகும் என்றால், கல்விக் கடனில் 4 லட்சம் வரை வங்கிகள் ஈடு கேட்பதில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் தயவுசெய்து வீட்டில் ஏற்கெனவே உள்ள கடனை அடைத்த பிறகு படிக்க வைக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்த வருடம் திரும்பி வராது.

புகார் கொடுப்பது பாவமா?

நீங்கள் சொல்வது கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதம், ஆறாம் அதிகாரம். சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைப் பவுல் அங்கே கண்டிக்கிறார், உண்மை. அதே இடத்தில், சகோதரருக்குள் நியாயம் தீர்க்க உங்களில் ஒரு விவேகியாவது இல்லையா என்றும் கேட்கிறார். சபையே நியாயம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். ஏமாற்றியவனைத் தப்பவிட அந்தப் பகுதி இடம் கொடுக்கவில்லை. நீங்கள் அநியாயம் செய்து நஷ்டப்படுத்துகிறீர்களே என்று சற்றுக் கீழே எதிர்த்தரப்பைப் பார்த்தும் பேசுகிறார். இதே பவுல், தனக்கு நியாயம் கிடைக்காது என்று தெரிந்தபோது, “இராயனுக்கு அபயமிடுகிறேன்”, அதாவது ரோமப் பேரரசனிடம் முறையிடுகிறேன் என்று நாட்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில் இயேசு ஒரு வரிசை சொல்கிறார். முதலில் தனியாகப் போய்ப் பேசு, பிறகு ஒன்றிரண்டு சாட்சிகளோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நீங்கள் தனியாகப் பலமுறை பேசிவிட்டீர்கள். இனி உங்கள் போதகர் ஐயரையும் சபை மூப்பர் ஒருவரையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை பேசுங்கள். எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திருப்பித் தருவார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதினைந்து நாள் கெடு போதும். “பொறுங்கள், ஜெபிப்போம்” என்று மறுபடி தள்ளிப்போட்டால், அதற்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏனென்றால் சட்டப்படி இது சாதாரணக் கைமாற்றுத் தகராறு இல்லை. 1983-ம் வருடத்துக் குடியேற்றச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் மட்டும்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவர்களும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். உங்களிடம் வாங்கியது 2,20,000. பதிவு உண்டா இல்லையா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் ஈமைக்ரேட் இணையதளத்தில் மகனே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இல்லையென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம்.

வக்கீல் செலவுக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். செலவே வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நீங்களே, உங்கள் பெயரில் மனு கொடுங்கள். உதவி எண் 15100. சமரசமாக முடிய வாய்ப்பு இருந்தால் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் வைப்பார்கள். அங்கே எழுதப்படும் தீர்ப்புக்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது. கோர்ட் வாசல் ஏற மனம் வராத உங்கள் கணவருக்கும் இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன். பணம் கொடுத்ததற்கான ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் செய்திகள், பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டதற்கான அத்தாட்சி எதையும் அழித்துவிடாதீர்கள். கடன் வசூலுக்குச் சட்டத்தில் பொதுவாக மூன்று வருடம்தான் காலம். அதில் பாதி ஏற்கெனவே போய்விட்டது.

இவ்வளவும் செய்தாலும் முழுப் பணமும் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்த ஆளிடம் இப்போது பணமே இல்லாமல் இருக்கலாம். சபையில் நாலு பேர் உங்களிடம் முகம் கொடுக்காமல் போகவும் கூடும். அது வலிக்கும். இருந்தாலும் அடுத்து எந்த வீட்டு நகை அடகுக்குப் போகிறதோ, அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதில் யோசிக்கவே இடமில்லை. கம்போடியா வேண்டாம். டூரிஸ்ட் விசாவில் போய் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். கம்ப்யூட்டர் வேலை, டேட்டா என்ட்ரி என்று கூட்டிப்போய் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கவைப்பதைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. 2022-ல் மியான்மரில் இப்படி மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டுப் பையன்களை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. மகன் பாஸ்போர்ட் அந்த ஏஜென்ட் கையில் இருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். வெளிநாடு போகத்தான் வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே பதிவு செய்யட்டும். அதுவரை தூத்துக்குடியிலேயே பட்டறையிலோ ஆலையிலோ சேரட்டும். சம்பளம் குறைவாக இருந்தாலும் அனுபவச் சான்றிதழ் கையில் வரும்.

காலண்டர் தாளின் பின்பக்கம்

உங்கள் கணக்கை நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். மாத வரவு இரண்டு பேருக்கும் சேர்த்து 17,500 வரை. கடனுக்குப் போவது 6,700. இதில் ஐந்து வட்டிக்காரருக்கு மட்டும் 2,500. ஒன்றரை வருடத்தில் அவருக்கு 45,000 கொடுத்துவிட்டீர்கள், வாங்கிய 50,000 அப்படியே நிற்கிறது. மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு அறுபது வட்டி. நகைக்கடனில் நீங்கள் கட்டுவது பத்துக்குள்.

நகை வைத்த நாளிலிருந்து பவுன் விலை நிறைய ஏறியிருக்கிறது. வங்கிக்குப் போய், அதே மூன்று பவுனை மறு மதிப்பீடு செய்து கூடுதலாக 50,000 கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் அன்றைக்கே வட்டிக்காரர் கணக்கை முடித்து, நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். 2,500 போன இடத்தில் நானூற்றிச் சொச்சம்தான் போகும். மிச்சம் இரண்டாயிரத்தைத் தொடாமல் குழுக் கடனுக்குச் சேர்த்துக் கட்டுங்கள். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வட்டி கட்டாமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும். வருட வட்டித் தேதியை அந்தக் காலண்டரிலேயே வட்டம் போட்டு வையுங்கள். வட்டிக்காரர் பத்திரத்தைத் தர மறுத்தாலோ மிரட்டினாலோ, கந்துவட்டிக்கு எதிராக 2003-ல் வந்த சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. அதையும் சட்டப்பணிகள் அலுவலகத்திலேயே சொல்லுங்கள்.

இப்படிக் கணக்குப் பார்ப்பது தேவனை நம்பாததுபோல் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடனுக்காகப் பிள்ளைகளையே இழக்க இருந்த ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் வந்தாள். எதையும் செய்வதற்கு முன் அவர் கேட்டது, வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது, சொல் என்பதுதான். ஒரு குடம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை என்றாள். அப்புறம் அயல்வீடுகளில் போய்ப் பாத்திரம் கேட்க வேண்டியிருந்தது. கடன்பட்ட வீட்டுப் பெண்ணுக்குத் தெருவில் இறங்கிக் கேட்பது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! எண்ணெய் பெருகிய பிறகும் கதை முடியவில்லை. போய் விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம் பண்ணுங்கள் என்றார். விற்பனை, கடன் அடைப்பு, மீதியில் குடித்தனம். அற்புதம் நடந்த வீட்டிலும் இந்த வரிசை மாறவில்லை.

உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கடிதத்திலிருந்தே எண்ணினேன். ஒரு தையல் மிஷின். பத்து வருடம் கல்ஃபில் தச்சு வேலை செய்த கை. டிப்ளமோ முடித்த மகன். படிக்க ஆசைப்படும் மகள். 18,000 ரூபாய். அப்புறம், ஏழு தாள் எழுதியும் ஒரு இடத்தில்கூடக் கணவரைக் குற்றம் சொல்லாத நீங்கள். ஒன்றுமே இல்லை என்றுதான் கடிதத்தை ஆரம்பித்திருந்தீர்கள்.

பாத்திரம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். உங்கள் அண்ணன் திருநெல்வேலியில் இருக்கிறார், அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரம் அவருக்குச் சொல்லுங்கள். பணம் கேட்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மச்சான் கூட உட்காரச் சொல்லுங்கள், போதும். முடிந்தால் உடைந்து கிடக்கிற அந்த வாசற்கதவை உங்கள் கணவரையே சரிசெய்யச் சொல்லி, அண்ணன் கூட நின்று பிடித்துக்கொள்ளட்டும். வேலை கையில் இருக்கும்போது அவர் பேசுவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த கடிதத்தில் கணக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அவர் சாப்பிட்டாரா, ராத்திரி தூங்கினாரா என்று எழுதுங்கள்.